பாதிச் சால்

பெட்டரியை உழவு மெசினுக்குள் இறக்கும்போது தக்ஷாயினி அதை அரைச் சுற்றுத் திருப்பி வைத்தாள். எழுத்து ஒட்டியிருந்த பக்கம் உள்ளே இரும்பைப் பார்த்தது. வெறும் கறுப்புப் பக்கம் வெளியே பார்த்தது. ஒரு மூச்சு விடுகிற நேரம்கூட ஆகவில்லை. அதற்கு முந்தி, அன்று மத்தியானம், காத்தான்குடிக் கடையில் அவள் ஒரு பொய் சொல்லியிருந்தாள். அது பயத்தில் வாயிலிருந்து வழுக்கி விழுந்தது என்று தன்னைத்தானே சமாதானம் செய்துகொள்ள அவளால் முடிந்தது. ஆனால் கை வழுக்கவில்லை. கை யோசித்துத்தான் செய்தது.

"எல்லாம் சரிதானே மகள்?" என்று கேட்டார் மாமா.

"ஓம் மாமா."

மாமா வினாயகமூர்த்தி, அவள் புருஷன் சதீசனின் தகப்பன். கொக்கட்டிச்சோலைக்கு உள்ளே, நாவலடி வட்டையின் விதானை. நூற்றுப் பத்து ஏக்கர் வயலுக்கும் எந்த நாள் தண்ணீர் திறப்பது, எந்த நாள் மாடுகளை வெளியேற்றுவது, எந்த நாள் உழவு தொடங்குவது என்று சொல்லுகிற பொறுப்பு அவருடையது. ஒவ்வொரு மாரி வெள்ளாமைக்கும் வட்டைக்காரர் கூடி அவரையே தெரிவு செய்வார்கள். இப்போது இரண்டு கண்ணிலும் வெண்படலம். ஆள் நடமாட்டம் தெரியும், முகம் தெரியாது. தை மாதம் ஒரு கண்ணைச் செய்யலாம் என்று ஆஸ்பத்திரியில் நாள் கொடுத்திருந்தார்கள்.

பெட்டரியின் தடித்த முளை எது, மெல்லிய முளை எது என்று விரலால் தடவிப் பார்த்து அவர் கம்பிகளைப் பூட்டினார். பூட்டி முடித்து அதன் மேல் உள்ளங்கையை வைத்தார்.

"பழையதவிடப் பெரிசாக் கிடக்கு?"

"இப்ப வாறதெல்லாம் இப்பிடித்தான் மாமா."

இது மூன்றாவது பொய். அவள் எண்ணிக்கொண்டுதான் இருந்தாள்.

சாம்பல் நிற மெசின் அது. மாமாவின் தகப்பன் எடுத்தது. மாமாவுக்கும் அதற்கும் வயது ஏறக்குறைய ஒன்று. வயலை இப்போது உழுவதெல்லாம் வாடகைக்கு வருகிற சிவப்பு மெசின்கள்தான். இது வருஷம் முழுக்கத் தகரக் கொட்டிலுக்குள் நிற்கும். ஆடு ஏறி அதன் இருக்கையில் படுத்திருக்கும். ஆனால் நாவலடி வட்டையில் முதல் சால் இதுதான் போட வேண்டும். முதன்முதல் இந்த மெசின் வட்டைக்குள் இறங்கிய வருஷம் விளைச்சல் அள்ளிக் கொட்டியதாம். அன்றிலிருந்து அப்படி ஆகிவிட்டது. நல்ல நேரத்தில், வயல் ஓரத்துப் பிள்ளையார் கோயிலடியில் தொடங்கி வாய்க்கால் வரைக்கும் நிற்காமல் ஒரே சால். அது முடிந்தால்தான் மற்ற மெசின்கள் வயலுக்குள் இறங்கலாம். மொத்தம் இருபது நிமிஷ வேலை.

"வருஷத்துக்கு ஒரு நாள் வேல, மிச்சமெல்லாம் நித்திரை. இது மெசின் இல்ல கா, மாப்பிள்ளை" என்று பக்கத்து வயல்காரர் பூபாலபிள்ளை பகிடி விடுவார்.

அந்த ஒரு நாளுக்குப் பெட்டரி வேண்டும். பழைய மெசின் என்பதால் ஆறு வோல்ட் பெட்டரி. இப்போது எந்தக் கடையிலும் எடுத்து நீட்டுவது பன்னிரண்டு வோல்ட்தான். ஆறு வேண்டுமென்றால் கொழும்பில் சொல்லி எடுக்க வேண்டும். காத்தான்குடியில் மர்சூக் நானாவின் கடை ஒன்றுதான் அந்தப் பாடுபடும். போன வருஷப் பெட்டரி செத்துப் போனதால், ஆவணி மாதமே மாமா தக்ஷாயினியிடம் சொல்லியிருந்தார்.

"நீ நாளாந்தம் பாலம் தாண்டிப் போறதானே மகள். மர்சூக்கிட்ட ஒரு வார்த்தை சொல்லி வை. நீ பார்த்துக்கொள்ளுவாய்."

நீ பார்த்துக்கொள்ளுவாய். அவளுக்கு அந்தச் சொல் இனித்தது.

ஏன் இனித்தது என்பதற்கு வேறொரு கதை இருக்கிறது. இந்தப் பக்கத்து வழக்கப்படி மாப்பிள்ளைதான் பெண்ணின் வீட்டுக்குப் போவான். பெண் பிள்ளை பிறந்த அன்றே அவளுக்கு வீடு எப்படிக் கட்டுவது என்று தாய் தகப்பன் யோசிக்கத் தொடங்கிவிடுவார்கள். தக்ஷாயினிக்கும் ஒரு வீடு இருந்தது, கதிரவெளியில், கடற்கரையோடு. அவளுக்குப் பதினொரு வயதாக இருக்கும்போது கடல் வந்து அதைக் கொண்டு போனது. வீட்டோடு தகப்பனையும். சதீசன் அவளை விரும்பிக் கட்டினபோது, வீடில்லாத பெண்ணாகத்தான் இந்த வீட்டுக்குள் ஏறி வந்தாள். யாரும் ஒரு சொல் சொன்னதில்லை. மாமி இருந்த காலத்தில் அவவும் சொன்னதில்லை. ஆனாலும் இந்த வீட்டில் ஒரு கோப்பை உடைந்தாலும், தான் இரவல் வாங்கியதை உடைத்துவிட்டது போல அவளுக்கு நெஞ்சு திக்கென்னும். நான்கு வருஷமாகியும் அது போகவில்லை. கடற்கரைப் பிள்ளைக்கு வெள்ளாமை தெரியாது என்று பூபாலபிள்ளை சிரிக்கும்போது அவளும் சேர்ந்து சிரிப்பாள். அப்படிப்பட்டவளிடம் மாமா முதல் முறையாக வட்டைக் காரியம் ஒன்றை ஒப்படைத்தார்.

அவள் மறந்து போனாள்.

பெரிய காரணம் ஒன்றும் இல்லை. ஆரையம்பதியில் அவள் வேலை செய்யும் தையல் நிலையத்தில் பள்ளிக்கூடச் சீருடைகள் வந்து குவிந்தன. மர்சூக் நானாவின் கடையைத் தாண்டி ஐந்தாறு தரம் பஸ்ஸில் போயிருக்கிறாள். ஒரு தரம் அந்தப் பலகையைப் பார்த்து, நாளைக்கு இறங்கிச் சொல்லலாம் என்றும் நினைத்தாள். முதல் சாலுக்கு முந்தின நாள் காலையில் மாமா, "பெட்டரி இண்டைக்கு வருமே மகள்?" என்று கேட்டபோது அவள் கால் விரல்கள் குளிர்ந்து போயின.

"ஓம் மாமா. பின்னேரம் கொண்டு வாறன்."

மத்தியானம் அவள் கடைக்குள் நுழைந்தபோது மர்சூக் நானா மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு ஒரு பெட்டரிக்குள் டோர்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். ஐம்பது வயது மனிதர். கை விரல்களில் அசிட் பட்டுக் காய்த்த தழும்புகள்.

"வாங்க தங்கச்சி. நாவலடி விதானையார்ர மருமகள்தானே? இந்த வருஷம் இன்னும் ஒரு சத்தத்தையும் காணல்ல எண்டு யோசிச்சிக்கிட்டிருந்தன்."

"ஆறு வோல்ட் ஒண்டு வேணும் நானா. இண்டைக்கே."

"இண்டைக்கா? அல்லாவே. கொழும்பில சொன்னா மூணு நாள் எடுக்கும். எப்ப சால்?"

"நாளைக்கு."

அவர் கண்ணாடியை இறக்கி அவளைப் பார்த்தார். அந்தப் பார்வையில் ஒன்றும் இல்லை, பரிதாபம்தான் இருந்தது. ஆனால் அவளுக்கு அதற்குள் நாளை காலை தெரிந்தது: கோயிலடியில் நாற்பது பேர், ஓடாத மெசின், மாமாவின் படலம் விழுந்த கண்கள் அவள் நிற்கிற திசையைத் தேடுவது.

"இல்ல நானா, பன்னிரண்டே தாங்க" என்றாள். "மெசினை மாத்திட்டம்."

"மாத்திட்டீங்களா? ஆரு மாத்தின?"

"அவர்ர கூட்டாளி ஒராள்."

"இஞ்சினுக்குப் பொறி குடுக்கிற கொயிலையும் மாத்தினயா? ஆறு வோல்ட் கொயிலுக்குப் பன்னிரண்டக் குடுத்தா ஸ்டார்ட் நல்லாத்தான் எடுக்கும். சும்மா சீறிக்கிட்டு எடுக்கும். மறுகா கொஞ்ச நேரத்தில கொயில் எரிஞ்சி போயிடும். பல்பும் தாங்காது."

"எல்லாம் மாத்தியாச்சு."

அவர் அவள் முகத்தை இன்னொரு தரம் பார்த்தார். பிறகு உள்ளே போய் ஒரு பெட்டரியைத் தூக்கி வந்து மேசையில் வைத்தார். மூடி இல்லாத, முழுக்க அடைத்த புது மாதிரி. உத்தரவாத அட்டையை எடுத்தார்.

"நான் எழுதித்தான் குடுப்பன் தங்கச்சி. மறுகா கத வரப்படாது."

ஒவ்வொரு எழுத்தாக அவர் எழுதுவதை அவள் பார்த்துக்கொண்டு நின்றாள். ஆறு வோல்ட் மெசின் பன்னிரண்டு வோல்டுக்கு மாற்றப்பட்டதாக வாடிக்கையாளர் சொன்னதன்படி கொடுக்கப்பட்டது. அட்டையில் இரண்டு பாதி. இரண்டிலும் அவள் கையெழுத்து வைத்தாள். ஒரு பாதியைக் கிழித்து அவளிடம் தந்தார்.

பாலத்தைத் தாண்டும்போது வாவியில் வெயில் கண்ணைக் குத்தியது. இருபது நிமிஷ வேலைதானே என்று அவள் நினைத்தாள். இருபது நிமிஷத்துக்குள் ஒரு கொயில் எரிந்துவிடுமா? கடைக்காரர்கள் எல்லாவற்றையும் கூட்டித்தான் சொல்வார்கள்.

அடுத்த நாள் காலையில் மெசின் இதுவரை எடுக்காத மாதிரி ஸ்டார்ட் எடுத்தது. வழக்கமாக அது உறுமி, இருமி, செத்துப் போகிறேன் என்று இரண்டு மூன்று தரம் பயம் காட்டித்தான் உயிர் பெறும். அன்று மாமா கையை வைத்ததுதான் தாமதம், சீறிக்கொண்டு எழுந்தது. கொட்டிலில் இருந்த ஆடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது.

"பாத்தீங்களா, மாப்பிள்ளைக்கு இளமை திரும்பிட்டு!" என்று பூபாலபிள்ளை கத்தினார். "ஆரு கொண்டு வந்த பெட்டரி? நம்மட கதிரவெளிப் பிள்ளை கொண்டு வந்தது!"

எல்லோரும் அவளைப் பார்த்துச் சிரித்தார்கள். சதீசன்கூட, பெருமையாக. அந்தச் சிரிப்பின் நடுவே நின்றபோது அவளுக்கு வெட்கத்துக்குப் பதில் ஒரு நிமிஷம் சந்தோஷம்தான் வந்தது. பின்னால் அதுவும் அவளை வருத்திய ஒன்று.

சதீசன் மெசினைக் கோயிலடிக்குக் கொண்டு வந்து நிறுத்தினான். நல்ல நேரத்துக்கு இன்னும் கால் மணித்தியாலம் இருந்தது. "நிப்பாட்டாதே தம்பி, ஓடட்டும்" என்றார் மாமா. வழக்கமான பயம், நிறுத்தினால் திரும்ப எடுக்குமோ எடுக்காதோ. "சாமிக்கு முன்னால லைட்டையும் போடு."

சதீசன் சுவிச்சைத் தட்டினான். விளக்கு பகலிலும் கண் கூசும்படி வெள்ளையாக எரிந்து, டப்பென்று வெடித்தது.

"பழைய பல்ப்தானே" என்றார் மாமா.

பல்பும் தாங்காது. கடையில் கேட்ட சொல் அவள் காதுக்குள் அப்படியே இருந்தது. அவளுக்கும் மாமாவுக்கும் நடுவில் நான்கு எட்டுத் தூரம்தான். நிப்பாட்டச் சொல்லுங்க மாமா என்று மூன்று வார்த்தை. பொங்கல் பானையில் பால் பொங்கியது. பெண்கள் குரவையிட்டார்கள். அவளும் இட்டாள்.

பாதி வயல் வரைக்கும் சால் நேராகப் போனது. பிறகு மெசின் ஒரு தரம் விக்கியது, இன்னொரு தரம் விக்கியது, நின்றது. கருகிய தார் மாதிரி ஒரு நாற்றம் காற்றில் வந்தது.

ஆண்கள் எல்லாம் ஓடினார்கள். கொயிலைத் தொட்ட சதீசன் கையை உதறிக்கொண்டு விரலை வாயில் வைத்தான். பெட்டரியில் ஏதும் பிழையோ என்று பார்க்க அதைக் கழற்றி வெளியே எடுத்தார்கள். அப்போது எழுத்துப் பக்கம் வெயிலுக்கு வந்தது.

"என்னடாப்பா இது, பன்னிரண்டு!" என்று சதீசன் கத்தினான். "பன்னிரண்டு வோல்ட் அப்பா!"

யாரும் அவளைப் பார்க்கவில்லை. அதுதான் அவளால் பிறகும் நம்ப முடியாதது. கடற்கரைப் பிள்ளை, மெசின் தெரியாதவள், கொடுத்ததை வாங்கிக்கொண்டு வந்திருக்கிறாள், பாவம். நேரே கடைக்குத்தான் போனது எல்லோர் மனசும்.

"காத்தான்குடியான் நல்லாச் செஞ்சிட்டான்" என்றார் பூபாலபிள்ளை. "பொம்புளப் பிள்ளை தனியப் போனா எதையும் தலையில கட்டலாம் எண்டு நினைப்பு." அங்கேயே போனை எடுத்து அமத்தி, எல்லோருக்கும் கேட்கும்படி சத்தத்தைக் கூட்டினார். மர்சூக் நானா ஸலாம் சொல்லி முடிக்குமுன் வசை தொடங்கியது. ஆறு கேட்டதற்குப் பன்னிரண்டைக் கொடுத்த கதை, பாதியில் நின்ற சாலின் கதை, இனி நாவலடி வட்டையில் ஒருவனும் உன் கடைப் படி மிதியான் என்ற கதை. யானை வேலிக்கு வாங்குகிற பெட்டரியும், காவலுக்கு வாங்குகிற டோர்ச்சும்கூட இனி அங்கே வாங்கமாட்டார்களாம்.

பிறகு மர்சூக் நானா கேட்டார்: "அந்தத் தங்கச்சி பக்கத்தில நிக்கிறாவா?"

"நிக்கிறா. ஏன், அவட தலையில போடப் போறீங்களா?"

"இல்ல. என்ட பிழைதான். மாறிப் போயிட்டு. விதானையார்ட்டச் சொல்லுங்க, ஆறு வோல்டும் கொயிலும் வந்த உடன நானே கொண்டு வாறன்."

தக்ஷாயினி வரப்பில் உட்கார்ந்துவிட்டாள். வெயில் என்று நினைத்து யாரோ ஒரு பெண் தண்ணீர் கொண்டு வந்து கொடுத்தாள்.

அடுத்த நல்ல நாள் ஒன்பதாம் நாள்தான் வந்தது. அந்த ஒன்பது நாளும் பாதிச் சால் வயலில் அப்படியே கிடந்தது. வாடகை மெசின்கள் ரோட்டோரம் காத்து நின்றன; இரண்டு, வேறு வட்டைக்குப் போய்விட்டன. வானம் ஒவ்வொரு பின்னேரமும் கறுத்தது. மழை முந்திக்கொண்டால் என்ன செய்வது என்று வீட்டுக்கு வந்து போகிறவர்கள் கேட்டார்கள். கேட்டுவிட்டுக் காத்தான்குடிக் கடையைத் திட்டினார்கள். பெட்டரிக் கடையில் தொடங்கிய பேச்சு அதோடு நிற்கவில்லை. அவங்களே இப்படித்தான் என்று ஒருவர் சொன்னார். இன்னொருவர் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் நடந்த முப்பது வருஷத்துக்கு முந்தின சண்டைக் கதை ஒன்றை எடுத்தார். தான் மறந்து போன ஒரு பெட்டரி எங்கே போய் நிற்கிறது என்று அவள் தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டே கேட்டாள்.

உத்தரவாத அட்டையின் பாதி அவளுடைய தையல் மெசினின் இழுப்பு லாச்சிக்குள், நூற்கண்டுகளுக்கு அடியில் கிடந்தது. இரண்டு தரம் அதை எடுத்து அடுப்படி வரைக்கும் போனாள். இரண்டு தரமும் திரும்பி வந்து அதே இடத்தில் வைத்தாள். தான் நல்லவள் என்பதால் அதை எரிக்கவில்லை என்று அவள் நினைக்கவில்லை. மற்றப் பாதி மர்சூக் நானாவிடம் இருக்கிறது. அவர் ஒரு நாள் அதை எடுத்து நீட்டினால் எல்லாம் முடிந்துவிடும். அவர் நீட்டமாட்டார் என்றும் தெரிந்தது. நீட்டமாட்டார் என்று தெரிந்துகொண்டே அவருடைய மௌனத்துக்குள் பதுங்கி இருப்பதுதான் அவளைத் தின்றது. சதீசனிடம் சொல்லலாம் என்று ஒரு இரவு அவன் பக்கம் திரும்பினாள். அவன் கொயில் சுட்ட விரலை அவள் கையில் வைத்து, "எரியுது, ஊது" என்றான். அவள் ஊதினாள்.

மாமா மட்டும் யாரையும் திட்டவில்லை. எட்டாம் நாள் பின்னேரம், கழற்றிய கொயிலைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டு கொட்டிலடியில் உட்கார்ந்திருந்தார். அவள் விளக்குமாற்றோடு பக்கத்தில் போனாள்.

"நான் அதுக்கு மேல கை வச்சன் மகள்" என்றார். "பெரிசாக் கிடக்கு எண்டும் கேட்டன். கண் தெரிஞ்சவனெண்டா எழுத்தப் பார்த்திருப்பான். நாளைக்குச் சால் முடிஞ்ச உடன சொல்லிப்போடப் போறன், வேற ஆளை விதானையாப் போடுங்கோ எண்டு. கண் தெரியாதவன் ஆற்றையும் வெள்ளாமையக் கெடுக்கப்படாது."

அவள் கூட்டுவதை நிறுத்தவில்லை.

ஒன்பதாம் நாள் காலையில் மர்சூக் நானா முச்சக்கர வண்டியில் வந்து இறங்கினார். ஒரு கையில் மூன்று மூடி வைத்த சின்னப் பெட்டரி. மற்றக் கையில் கடதாசியில் சுற்றிய கொயில். ஓட்டமாவடியில் பழைய மெசின் கழற்றுகிற ஒருவரிடம் தேடி எடுத்தது என்றார். கோயிலடியில் நின்ற யாரும் அவருக்கு வழி விடவில்லை. வந்த ஆளுக்குக் கதிரை போடாமல் இந்த ஊரில் ஒருவரும் இருக்கமாட்டார்கள். இரண்டு கதிரை காலியாகக் கிடந்தும் ஒருவரும் அசையவில்லை.

"நானா, அதில எத்தின வோல்ட் எண்டு ஒருக்கா வாசிச்சுக் காட்டுங்களன்" என்றார் பூபாலபிள்ளை. "வயல்காரருக்கு எழுத்துத் தெரியாதெண்டு உங்களுக்குத் தெரியும்தானே."

இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். மர்சூக் நானாவும் சிரித்தமாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, பெட்டரியை எங்கே வைப்பதென்று தெரியாமல் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றார். மாமா தொண்டையைச் செருமினார். சொல்லப் போகிறார் என்று தக்ஷாயினிக்குத் தெரிந்தது.

அவள் சட்டைக்குள் வைத்திருந்த அட்டையை எடுத்துச் சதீசனிடம் கொடுத்தாள்.

"வாசியுங்க" என்றாள். "பலமா."

"என்ன இது?"

"வாசியுங்கவன்."

அவன் அச்சகத்தில் வேலை செய்கிறவன். எதைக் கொடுத்தாலும் பிழை பார்ப்பதுபோல நிறுத்தி நிறுத்தித்தான் வாசிப்பான். "ஆறு வோல்ட் மெசின்... பன்னிரண்டு வோல்டுக்கு மாற்றப்பட்டதாக... வாடிக்கையாளர் சொன்னதன்படி கொடுக்கப்பட்டது. கையெழுத்து..."

அவன் குரல் அங்கே நின்றது. தலையை நிமிர்த்தவில்லை.

"என்ட கையெழுத்து" என்றாள் தக்ஷாயினி. "ஆவணியில சொல்லச் சொன்னதை நான் மறந்திட்டன். பயத்தில பொய் சொல்லி இதை எடுத்தன். கொயில் எரியும் எண்டு நானா சொன்னவர். லைட் வெடிக்கக்குள்ளயும் எனக்குத் தெரியும்."

அதோடு நிறுத்தியிருக்கலாம். அட்டையில் இருந்ததெல்லாம் அவ்வளவுதான். மீதி அவளைத் தவிர ஒருவருக்கும் தெரியாது. அவள் மாமாவின் பக்கம் திரும்பினாள்.

"எழுத்துப் பக்கத்தை உள்ளுக்குத் திருப்பி வச்சதும் நான்தான் மாமா. கண் தெரிஞ்ச ஆளெண்டாலும் கண்டிருக்காது. அதுக்காகத்தான் திருப்பினன்."

வாய்க்காலில் தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்டது. பூபாலபிள்ளை வெற்றிலையைக் கன்னத்தின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு மாற்றினார்.

"அப்ப ஏன் நானா போனில ஒத்துக்கொண்டீங்க?" என்று கேட்டார். குரலில் பழைய உறுக்கல் இல்லை. "இதுட மற்றப் பாதி உங்களிட்ட இருந்திருக்குமே."

"இருக்கு." மர்சூக் நானா பெட்டரியை மெதுவாகக் கீழே வைத்தார். "ஒரு பொம்புளப் பிள்ளையப் பொய்க்காரி எண்டு நாப்பது பேருக்கு முன்னால எப்பிடிச் சொல்ற? அது ஒண்டு. மத்தது..." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அவ சொல்லக்குள்ளயே எனக்கு விளங்கிட்டு. முகத்தில எழுதியிருந்திச்சு. விதானையாருக்கு ஒரு கோல் எடுத்துக் கேட்டிருந்தா அரை நிமிசம். கேக்கல்ல. யாவாரம் நடந்தாச் சரி எண்டு எழுதி வாங்கிட்டு விட்டுட்டன். அந்தத் துண்டு என்னைக் காப்பாத்தத்தான். மெசினை இல்ல."

தக்ஷாயினிக்கு இது எதிர்பாராதது. ஒன்பது நாளும் அவரை ஒரு குற்றமும் இல்லாதவராக வைத்து அவள் தன்னை வதைத்திருந்தாள். அவரும் இந்த ஒன்பது நாளும் வாவிக்கு அப்பால் இப்படித்தான் இருந்திருக்கிறார். ஆனால் அதைக் கேட்டு அவளுடைய பாரம் இறங்கவில்லை. அவருடையது அவருக்கு, அவளுடையது அப்படியே இருந்தது.

அவள் போய் ஒரு கதிரையைத் தூக்கி வந்து மர்சூக் நானாவுக்குப் பக்கத்தில் வைத்தாள். அவர் உட்காரவில்லை, கொயிலைப் பூட்டப் போனார். பூபாலபிள்ளை தானாகவே போய் அவருக்கு ஸ்பானரை எடுத்துக் கொடுத்தார். "விதானையார், மற்றக் கதையைப் பிறகு கதைப்பம், நேரம் போகுது" என்றார். மாமா சொல்ல நினைத்திருந்ததைச் சொல்லவில்லை. சதீசன் அட்டையை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்தான். அவள் பக்கம் பார்க்கவில்லை.

"மகள்" என்று மாமா கூப்பிட்டார். "பெட்டரிய நீயே வை."

அவள் அந்தச் சின்னப் பெட்டரியைத் தூக்கி மெசினுக்குள் இறக்கினாள்.

"எழுத்து எந்தப் பக்கம்?"

"வெளிப்பக்கம் மாமா."

அவர் கையை நீட்டி அதன் முகத்தைத் தடவினார். ஒட்டியிருந்த தாளின் விளிம்பு விரலில் தட்டுப்பட்டது. விரல் அங்கேயே கொஞ்ச நேரம் நின்றது. முன்பென்றால் இவ்வளவில் கம்பியைப் பூட்டத் தொடங்கியிருப்பார்.

"தம்பி" என்று சதீசனைக் கூப்பிட்டார். "நீயும் ஒருக்கா வாசிச்சுச் சொல்லு."

சதீசன் வந்து அவளுக்குப் பக்கத்தில் குனிந்தான்.

"ஆறு அப்பா."

மாமா தலையாட்டினார். தடித்த முளையைத் தேடிக் கம்பியைப் பூட்டினார், பிறகு மெல்லியதில். மெசின் உறுமியது, இருமியது, நின்றது. இன்னொரு தரம் உறுமியது. அவள் கைகள் இரண்டையும் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, அது வழக்கம்போல மெதுவாக உயிர் பெறுவதற்காகக் காத்து நின்றாள்.